கட்டி முடித்த பிறகு இங்கே யார் இருப்பார்கள்?

நகரச் சீரமைப்பு, ஊர்ப் பெருமை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பழைய அடுக்ககம் ஒன்றின் குடியிருப்போர் சங்கப் பொருளாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் பகுதியை மொத்தமாக இடித்துவிட்டு உயரமான கட்டடங்கள் கட்டப்போகிறார்களாம். கொஞ்சம் தயங்கிப் பேசினாலே "வளர்ச்சிக்கு எதிரி" என்கிறார்கள். நான் எதிரியா?

பதில்: இல்லவே இல்லை. இடிபடப்போவது உங்கள் வீடு. தயங்குவதற்கு உங்களைவிட உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? ஆனால் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சியாகப் பிரிவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கட்டி முடித்த பிறகு இங்கே யார் இருப்பார்கள்? இப்போது இருப்பவர்கள்தானா? அதற்கு எழுத்தில் பதில் வராதவரை மற்ற பேச்சு எல்லாம் அப்புறம்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்றொரு பகுதி இருந்தது. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய உழைக்கும் குடும்பங்கள், குறுகலான தெருக்கள், குறைந்த வாடகை. சேரி என்று முத்திரை குத்தி, 1958-லிருந்து மளமளவென்று இடித்துத் தள்ளினார்கள். 2,700-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இடிப்பதற்குச் சற்று முன்னால் அங்கேயே போய்த் தங்கிப் பார்த்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், அது சேரி இல்லை, வாடகை குறைவான ஒரு சாதாரணக் குடியிருப்புதான் என்று எழுதினார். வெளியேறியவர்களைப் பிறகு சந்தித்துப் பேசிய உளவியலாளர் மார்க் ஃப்ரீட், நெருங்கிய உறவைப் பறிகொடுத்தவர்களிடம் காணும் அதே துக்கத்தை அவர்களில் பலரிடம் கண்டார்.

காலி செய்த இடத்தில் வசதியானவர்களுக்கான அடுக்ககங்கள் எழுந்தன. வாகன நெரிசலில் நிற்பவர்கள் பார்க்கும்படி சாலையோரம் ஒரு பலகை வைத்தார்கள்: "இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள்." அங்கேயே குடியிருந்து துரத்தப்பட்ட ஒருவர் அந்த வழியாகப் போனால் என்ன நினைத்திருப்பார்? அதை முதலில் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வீடு என்றால் பத்திரத்தில் சதுர அடி இருக்கும். எங்கள் மாடியில் யாருடைய மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரி நெஞ்சுவலி என்றால் எந்தக் கதவைத் தட்டலாம், வேலையிலிருந்து தாமதமாக வரும் தாயின் குழந்தை எந்த வீட்டில் உட்கார்ந்து பாடம் எழுதும் என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இல்லை. குடும்பங்களை நாலு திசைக்குப் பிரித்து அனுப்பினால் முதலில் போவது இதுதான். இழப்பீட்டுக் கணக்கில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

கேள்வி: பாரம்பரியம், பழமை என்று பேசுகிறவர்கள் யாரும் எங்கள் கட்டடத்தில் வசிப்பதில்லை. சுவரெல்லாம் ஓதம், லிஃப்ட் கிடையாது, என் மாமியார் நான்காவது மாடியிலிருந்து இறங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. எங்களுக்கு இடித்துக் கட்டினால்தான் விடிவு. உங்கள் பதில் என்ன?

பதில்: அம்மா, உங்கள் பக்கம்தான் நான். ஓதம் ஏறிய சுவரில் எந்தப் பெருமையும் இல்லை. வெளியே நின்று புகைப்படம் எடுப்பவர்களுக்காக நீங்கள் படியேறிக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இடிப்பதா, அப்படியே விடுவதா என்று இரண்டே வழியைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரான்ஸின் போர்தோ நகரில் கிரான் பார்க் என்ற இடத்தில் 1960-களில் கட்டிய மூன்று பெரிய அடுக்ககங்கள், மொத்தம் 530 வீடுகள். இடித்துவிடலாம் என்ற பேச்சும் அடிபட்டது. ஆன் லக்கத்தோன், ஜான் பிலிப் வசால் என்ற கட்டடக் கலைஞர்கள், ஃப்ரெடெரிக் த்ருஓ, கிறிஸ்டோஃப் ஹுத்தான் ஆகியோருடன் சேர்ந்து வேறு வழி சொன்னார்கள். பழைய சுவருக்கு வெளியே புதிதாக ஒரு சட்டகத்தைத் தளம் தளமாக அடுக்கி நிறுத்தினார்கள். சின்ன ஜன்னல் இருந்த இடத்தைத் தரைவரை திறந்து, அதற்கு வெளியே கண்ணாடி அடைப்பும் பால்கனியுமாக, கிட்டத்தட்ட நாலு மீட்டர் அகலத்துக்கு ஒவ்வொரு வீட்டையும் நீட்டினார்கள். லிஃப்டும் குளியலறையும் புதுசாயின. வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. வேலை நடக்கும்போது குடும்பங்கள் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம். 2019-ல் கட்டடக் கலைக்கான ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருது இந்த வேலைக்குக் கிடைத்தது. 2021-ல் லக்கத்தோன், வசால் இருவருக்கும் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு.

உங்கள் கட்டடத்துக்கு இது சரிப்படுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். தூணும் கம்பியும் அரித்துப்போயிருந்தால் இடிப்பதுதான் சரி, உயிரைவிடக் கட்டடம் பெரிதில்லை. ஆனால் அந்த அறிக்கையைத் தருபவர், இடித்துக் கட்டுவதில் லாபம் பார்க்கிறவராக இருக்கக் கூடாது. பொறியாளரைச் சங்கமே அமர்த்தட்டும்.

கேள்வி: ஊருக்குப் பெருமை என்றால் நாலு பேர் அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டாமா? பெரிய நூலகம், வளைந்த பாலம், கோபுரம்?

பதில்: இருக்கட்டுமே, நல்லதுதான். நூலகம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சங்கத்தின் வரவு செலவை எழுதுகிற எனக்கு வருகிற சந்தேகம் வேறு. திறப்பு விழாவுக்கு எப்படியோ பணம் வந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வருஷம் மோட்டார் பழுதானால் யார் கொடுப்பார்கள்?

கொலம்பியாவின் மெதெயின் நகரம் இதில் நல்ல பாடம். வன்முறையில் மூழ்கியிருந்த மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு 2004-ல் கம்பிவட ஊர்தி விட்டார்கள். அதை அன்றாடப் பயணத்துக்கான ரயிலோடு இணைத்தார்கள். அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத இடம் நகரத்தோடு சேர்ந்தது. அதே சரிவில் 2007-ல் கரும்பாறைகள் போல மூன்று கட்டடங்களாக ஒரு நூலகம் திறந்தார்கள். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது. சில ஆண்டுகளிலேயே முகப்பு பழுதாகி, மூடும்படி ஆயிற்று. ஊர்தி இன்றும் ஓடுகிறது. அங்கே குடியிருக்கும் ஒருவரிடம் எது பெருமை என்று கேட்டால், தினமும் ஏறி வேலைக்குப் போகிற ஊர்தியைத்தான் சொல்வார் என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ப்ரூயிட் ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு. பதினோரு மாடிக் கட்டடங்கள் 33, 1950-களின் நடுவில் கட்டியவை. கட்டுவதற்கு அரசுப் பணம் கிடைத்தது. பராமரிப்பை மட்டும் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டார்கள். மக்கள் காலி செய்யத் தொடங்கியதும் வாடகை குறைந்தது, வாடகை குறைந்ததும் பழுது பார்ப்பது நின்றது, அதைப் பார்த்து இன்னும் பலர் கிளம்பினார்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் இருட்டுப் படியில் ஏறி இறங்க வேண்டும். 1972-ல் இடிக்கத் தொடங்கி 1976-க்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அங்கிருந்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. வரவு ஒரு பக்கம் சரிந்து, செலவு ஒரு பக்கம் ஏறினால் எந்தச் சங்கத்தாலும் தாக்குப்பிடிக்க முடியாது. நிறவெறியும் வறுமையும் அந்த மக்களை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தன.

பெருமைக்கு நான் காட்டும் உதாரணம் வியன்னா. 1920-களில் அந்த நகராட்சி வீட்டுவசதிக்கென்று தனி வரி போட்டு, தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியது. அந்தக் கட்டடங்கள் பலவற்றின் முகப்பில் பெரிய எழுத்தில் பதித்தார்கள்: வியன்னா நகராட்சி, இந்த ஆண்டுகளில், வீட்டுவசதி வரிப் பணத்திலிருந்து கட்டியது. அந்தப் பெரிய எழுத்து சொல்வது யாருடைய பணம் என்பதைத்தான். 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இன்றும் குடும்பங்கள் அதில் வாழ்கின்றன.

கேள்வி: எங்கள் தெருமுனையில் உள்ள சின்னத் திடலை "அழகுபடுத்த" நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். கிரானைட், நீரூற்று, வண்ண விளக்கு எல்லாம் வருமாம். நல்லதுதானே?

பதில்: எங்கள் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். மரத்தடியில் முதுகு சாய்கிற மாதிரி ஒரு சிமெண்ட் பெஞ்சு. சாயங்காலம் ஆனால் வயதானவர்கள் அங்கேதான். அழகுபடுத்த வந்தவர்கள் முதல் நாளே அதைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்த இடத்தில் பளபளவென்று கல் தொட்டி வைத்துச் செடி நட்டார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் போடவில்லை. செடி காய்ந்தது, உட்கார இடமும் போயிற்று. பெரியவர்கள் கொஞ்ச நாள் தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள், அப்புறம் வருவதையே விட்டுவிட்டார்கள். பெஞ்சு வேண்டும் என்று திரும்பத் திரும்ப மனு கொடுத்து, கடைசியில் சங்கப் பணத்திலேயே போட்டுக்கொண்டோம்.

போர்தோவிலேயே இன்னொரு கதை. மேலே சொன்ன லக்கத்தோன், வசால் இருவரிடம் 1996-ல் லெயோன் ஒகோக் என்ற சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தித் தரும்படி நகராட்சி கேட்டது. அவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள், குடியிருப்பவர்களிடம் பேசினார்கள். மரங்கள், பெஞ்சுகள், பந்து உருட்டி விளையாட இடம் எல்லாம் இருந்தன. இது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, தரையில் போட்ட சரளையை மாற்றுங்கள், அடிக்கடி பெருக்குங்கள், மரங்களுக்கு வைத்தியம் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் திட்டம்! வேலையாகப் பெரிதாக எதையும் கேட்காமல் வந்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் திடலுக்கு நீரூற்று போடுவதற்கு முன்னால், காலை, மதியம், சாயங்காலம் யார் யார் அங்கே வருகிறார்கள் என்று ஒரு வாரம் யாராவது குறித்துப் பார்க்கட்டும். அது இல்லாமல் வருகிற வரைபடத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: சியோல் நகரில் மேம்பாலத்தை இடித்து ஓடையை மீட்டார்களே, அது போல நாமும் செய்யலாமா?

பதில்: சோங்கேசோன் ஓடையைச் சொல்கிறீர்கள். 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் சுமார் 5.8 கிலோமீட்டருக்குத் திறந்துவிட்டார்கள். கோடையில் பக்கத்துச் சாலைகளைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது, கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். மேம்பாலம் போனால் நகரமே ஸ்தம்பித்துவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. பேருந்து வசதியைக் கூடவே சீர்செய்ததும் ஒரு காரணம். ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றுவது, அதற்குத் தினமும் செலவு உண்டு.

அங்கே நடைபாதையில் பிழைத்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களில் பலரைத் தொங்தேமுன் விளையாட்டு மைதானத்துக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்த மைதானத்தையும் இடித்து, 2014-ல் அங்கே வடிவமைப்பு மையம் ஒன்றைத் திறந்தார்கள். ஒருவரை ஒரு தடவை கிளப்புவதே பெரிய காரியம், இரண்டு தடவையா? ஓடையைத் திறங்கள், ஆனால் கரையில் பிழைப்பவர்களுக்கு மாற்று இடம் முதலில் தயாராகட்டும்.

கேள்வி: எங்களைப் போன்ற சாதாரணக் குடித்தனக்காரர்கள் எதிர்த்து ஜெயித்த கதை உண்டா?

பதில்: உண்டு. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே அகலமான சாலை போட, நகரின் கட்டுமானத் திட்டங்களைக் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்டார். அந்தக் காலத்தில் அவர் நினைத்தால் எதையும் இடிக்கலாம், எதையும் கட்டலாம். 1952-ல் ஷர்லி ஹேஸ் என்ற நான்கு குழந்தைகளின் தாய் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். சாலையைக் கொஞ்சம் குறுக்கலாம், கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று சமரசம் வந்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: பூங்காவுக்குள் வண்டியே வேண்டாம். நகரங்களைப் பற்றி எழுதிப் பின்னால் புகழ்பெற்ற ஜேன் ஜேகப்ஸும் இந்தப் போராட்டத்தில் சேர்ந்தார். தாய்மார்களின் கூட்டம் ஒன்றைத் தவிர இதை யாருமே எதிர்க்கவில்லை என்று மோசஸ் ஆத்திரப்பட்டதாக ஜேகப்ஸ் பிற்பாடு நினைவுகூர்ந்தார். 1958-ல் பூங்காவின் ஊடே போன வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

கேள்வி: அடுத்த வாரம் கருத்துக்கேட்புக் கூட்டம். வரைபடத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. எதைப் பார்ப்பது?

பதில்: வண்ணப் படத்தை விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் மரங்கள் வளர்ந்து அந்த உயரத்துக்கு வரப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். கீழ் மூலையில் பொடி எழுத்தில் "மாதிரிப் படம்" என்று போட்டிருக்கும், அப்படியென்றால் அதில் எதற்கும் உத்தரவாதம் இல்லை. கோடுகளால் ஆன வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். வடக்கு அம்புக்குறியைப் பார்த்து, புதிய கட்டடத்தின் நிழல் யார் வீட்டில் விழும் என்று கண்டுபிடியுங்கள். பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பறை, குப்பை வண்டி வந்து திரும்பும் இடம், இந்த மூன்றையும் விரல் வைத்துத் தேடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். வாடகைக்கு இருப்பவர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். உரிமையாளர்களை மட்டும் கணக்கெடுத்துவிட்டு எல்லோரிடமும் கேட்டோம் என்பார்கள்.

அப்புறம், கட்டுமானக் காலத்தில் எங்கே தங்குவது, வாடகை யார் தருவது, காலம் தள்ளிப்போனால் என்ன தருவார்கள், திரும்பி வந்த பிறகு மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, இவற்றைக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன கட்டணத்தை யாரும் கேட்பதில்லை. புதிய வீடு கிடைத்தும், லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாதாமாதம் கட்ட முடியாமல் விற்றுவிட்டுப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். குறிப்பின் நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் கூட்டத்திலிருந்து எழுந்து வராதீர்கள்.