மூன்று பந்துக் கருவி சளியை எடுக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு டிபி குணமான பிறகும் மூச்சுக்குழாய் விரிந்துபோய் தினமும் சளி கட்டுகிறது. மெடிக்கலில் மூன்று பந்துக் கருவி கொடுத்தார்கள். ஒரு மாதமாக ஊதியும் பலனில்லை. (திண்டுக்கல்)

பதில்: அதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். தப்பு உங்கள் மேல் இல்லை, விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களின் நுரையீரல் சுருங்காமல் இருக்க, மூச்சை ஆழமாக இழுத்துப் பழகுவதற்கான கருவி அது. சளியைக் கிளப்பும் கருவி வேறு. ஃப்ளட்டர் என்பது சுங்கான் மாதிரி இருக்கும், உள்ளே ஒரு ஸ்டீல் குண்டு. ஊதினால் குண்டு குதிக்கும், அந்த அதிர்வு மூச்சுக்குழாய் வரை போய் ஒட்டிய சளியைத் தளர்த்தும். அகபெல்லா என்பதும் ஊதினால் அதிரும் இன்னொரு கருவி. அதில் வேகமாக ஊத முடிந்தவர்களுக்குப் பச்சை, மூச்சு பலவீனமானவர்களுக்கு நீலம். யாருக்கு, என்ன நோய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து நீட்டுகிற கடைகள் மேல் எனக்குத் தீராத கோபம். "சளியை உடைக்கும்" என்றதை நம்பி அம்மாவுக்கு 4,500 ரூபாயில் மசாஜ் மெஷின் வாங்கியவள் நான். முதுகு கன்றிப்போனதுதான் மிச்சம். கடைசியில் உதவியது அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் காசில்லாமல் கற்றுத் தந்த பயிற்சி: கொஞ்ச நேரம் நிதானமான மூச்சு, அப்புறம் மூன்று நான்கு முறை நெஞ்சு விரிய இழுத்து இரண்டு விநாடி அடக்கி வெளியே விடுவது, மறுபடி நிதானம், பிறகு வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல் "ஹா" என்று ஊதுவது. அம்மா உள்ளங்கையை வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டு ஊதினார், மூன்றாவது "ஹா"வில் சளி தொண்டைக்கு ஏறி வந்தது. முதலில் பிசியோதெரபிஸ்டிடம் இதைப் பழகுங்கள், கருவி தேவையா என்று அவர்களே சொல்வார்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

கேள்வி: எனக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), சளி நிறைய. இருமலை நிறுத்த எந்த சிரப் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். சளியை வெளியே தள்ளுவதே அந்த இருமல்தான்.

கேள்வி: நெபுலைசருக்கு டாக்டர் எழுதிய 3 சதவீத உப்பு நீர் கடையில் இல்லை, 7 சதவீதம் வாங்கினேன். அதிகம் என்றால் நல்லதுதானே?

பதில்: இல்லை. சீட்டில் இருப்பதை விட்டு வேறொன்றை எப்படி வாங்கினீர்கள்? உப்பு கூடினால் சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகிவிடும், அதனால்தான் முதல் டோஸை டாக்டர் முன்னால் கொடுத்துப் பார்க்கிறார்கள். பிரிக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். நெபுலைசர் கப்பைத் தினமும் கழுவிக் காய வைக்கிறீர்களா? அதை எழுதவே இல்லையே.

கேள்வி: "நுரையீரலைச் சுத்தம் செய்யும்" கசாயத்துக்கு அப்பா பென்ஷனிலிருந்து 2,800 ரூபாய் அனுப்பினார். பலன் இல்லையென்றால் பணம் வாபஸ் என்றவர்கள் இப்போது போனே எடுப்பதில்லை.

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள். மூச்சு முட்டுகிறவர் எதையும் நம்பத்தான் செய்வார், அதைத் தெரிந்துகொண்டுதான் ஏமாற்றியிருக்கிறார்கள். விளம்பரம், பணம் அனுப்பிய மெசேஜ் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். நடக்கவில்லையா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கசாயத்தை நம்பி இன்ஹேலரை நிறுத்தியிருந்தால் இன்றே டாக்டரைப் பாருங்கள். பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், லேபிளோடு இருக்கட்டும்.