வாசகர் கேள்வி, நிபுணர் பதில்: தோண்டாமல் கரைத்தால் தாமிரம் எவ்வளவு வரும்?

கேள்வி: தரம் குறைந்த தாமிரத் தாதுவை 2 செ.மீ. கற்களாக உடைத்து, நெடுங்குழாயில் நிரப்பி, கந்தக அமிலமும் ஃபெரிக் இரும்பும் (தாதுவைக் கரைக்க உதவும் Fe³⁺ வடிவம்) கலந்த கரைசலைச் சொட்டவிட்டோம். 100 நாளில் 30 சதவீதத் தாமிரம் இறங்கியது. சுரங்கத்தில், இருந்த இடத்திலேயே கரைத்தால் 1,000 நாளில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பதில்: நாள் பத்து மடங்கானால் தாமிரமும் பத்து மடங்காகாது. கல்லின் வெளிப்புறம் கரைந்ததும், கரைசல் நுண்துளை வழியே உள்ளே ஊறித்தான் மிச்சத்தை எட்ட வேண்டும். இதற்கு, கரையாத உட்பகுதி நாளாக நாளாகச் சுருங்குவதாகக் கொள்ளும் 'சுருங்கும் கரு' கணக்கு பொருந்தும். கரைந்த பங்கு 'ப' என்றால், 1 − (2/3)ப − (1−ப)-இன் 2/3 அடுக்கு; இந்த மதிப்பு நாளோடு நேராகவும், கல்லின் ஆரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகவும் மாறும்.

உங்கள் 30 சதவீதத்துக்கு மதிப்பு 0.0116. 1,000 நாளில் 0.116; அதாவது 78 சதவீதம். அதே தாது 20 செ.மீ. கல்லாக இருந்தால் மதிப்பு நூறில் ஒன்றாகி, 10 சதவீதம்தான் வரும்! அரிசோனாவின் ஓல்ட் ரிலையபிள் சுரங்கத்தில் 1972-இல் சுமார் 40 லட்சம் பவுண்டு வெடிமருந்து வைத்துப் பாறையை நொறுக்கியதன் காரணம் இதுதான்.

சுரங்கத்தில் எடைப்படி பாதி 2 செ.மீ., பாதி 20 செ.மீ. என்று வையுங்கள்: சராசரி 44 சதவீதம். கரைசல் தொடுவது பாறையில் 60 சதவீதம், கரைந்ததில் திரும்பக் கைக்கு வருவது 90 சதவீதம் என்றால், 0.44 × 0.6 × 0.9, சுமார் 24 சதவீதம். இதில் அந்த 60-ஐத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். கரைசல் போகும் வழியைக் காட்டும் அடையாளப் பொருளாகப் புரோமைடு கலந்த நீரைச் செலுத்தி, எப்போது, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்காமல் அந்த எண்ணை எழுதாதீர்கள்.

கேள்வி: சில மாதத்திலேயே வெளிவரும் கரைசலில் தாமிரம் சரிந்தால்?

பதில்: முதலில் அதன் பிஎச் (அமிலத்தன்மை அளவு; கூடினால் அமிலம் குறைவு), ஃபெரிக் இரும்பு இரண்டையும் பாருங்கள். பிஎச் 2.5-ஐத் தாண்டினால் இரும்பு வீழ்படிவாகிக் கல்லைப் போர்த்திவிடும். பாறையில் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) இருந்தால் நிலைமை மோசம்: 1 டன் கால்சைட் ஏறக்குறைய 1 டன் அமிலத்தைக் குடித்து, 1.7 டன் ஜிப்சமாகி விரிசலை அடைக்கும். சால்கோபைரைட் (தாமிரம், இரும்பு, கந்தகம் சேர்ந்த கனிமம்) தாதுவானால், 1 கிலோ தாமிரத்துக்கு 3.5 கிலோ ஃபெரிக் இரும்பு தேவை. அது குறைந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். அமிலமும் இரும்பும் போதுமான அளவு இருந்தும் தாமிரம் இல்லையென்றால், கரைசல் ஒரே விரிசலில் ஓடுகிறது. அப்போது அமிலத்தைக் கூட்டுவது வீண். செலுத்தும் கிணற்றை மாற்றுங்கள்.