அம்மாவுக்கு எந்தப் பழம்?

கேள்வி: அம்மாவுக்கு 73 வயது. சுகர், பிபி இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கடைவாய்ப் பல் இல்லை, மலச்சிக்கலும் உண்டு. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் மாதுளையும் கொண்டுவருவதால் தினமும் ஜூஸ் போட்டு வடிகட்டித் தருகிறேன். மாம்பழம் கேட்கிறார், தரப் பயமாக இருக்கிறது. என்ன பழம்தான் வாங்குவது?
- வாசகி, காட்பாடி

பதில்: முதலில் அந்த ஜூஸை நிறுத்திவிடுங்கள். வடிகட்டும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது, மிஞ்சுகிற இனிப்புத் தண்ணீர் சுகரைச் சட்டென்று ஏற்றுகிறது, அம்மாவின் மலச்சிக்கலுக்கும் அதனால் பெரிய பயன் இல்லை.

ஆப்பிள் கெட்ட பழம் இல்லை. ஆனால் விலை அதிகம் என்பதால் சத்தும் அதிகம் என்று நினைக்காதீர்கள். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்குக் குறையாது, ஆப்பிளில் அது 5 மில்லிகிராமைக்கூடத் தொடாது, நார்ச்சத்தும் கொய்யாவில் இரண்டு மடங்குக்கு மேல். பல் இல்லாதவருக்கு எப்படி என்றால், கை வைத்தால் அமுங்குகிற அளவு பழுத்ததாக வாங்கி, நடுவில் இருக்கும் விதைப் பகுதியை ஸ்பூனால் எடுத்துவிட்டு மசித்துக் கொடுங்கள். உப்பு வேண்டாம், பிபி இருக்கிறதல்லவா. பப்பாளி இன்னும் சுலபம், ஈறாலேயே மென்றுவிடலாம், வயிற்றையும் இளக்கும். வீட்டில் இருக்கிற ஆப்பிளை ஆவியில் வேகவைத்துத் தாருங்கள்.

அளவு முக்கியம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது, அதாவது ஒரு நடுத்தரக் கொய்யா, அல்லது சின்னக் கிண்ணம் பப்பாளி. சோற்றுக்கு மேல் கொடுக்காமல் பதினொரு மணிக்கோ சாயந்திரமோ கொடுங்கள்.

மாம்பழம் விஷயம். குடியாத்தம் பக்கம் அவ்வளவு மாந்தோப்பு இருக்க, சீசனில் ஒரு துண்டுகூடக் கிடையாது என்றால் அவர் மனசு என்ன பாடுபடும்! இரண்டு, மூன்று துண்டு தாராளமாகத் தரலாம், அன்றைக்கு ஒரு இட்லியையோ ஒரு கரண்டி சோற்றையோ குறைத்துவிடுங்கள், வேறு பழம் வேண்டாம். சுகர் மெஷின் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், அவர் உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்துவிடும். பேரீச்சை, சப்போட்டா, சீத்தாப்பழத்துக்கும் இதே கணக்குதான்.

அப்புறம், நம் வேலூர் வெயில். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், உடம்பு வறண்ட பிறகும் தண்ணீர் கேட்கமாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சாத்துக்குடிச் சுளையோ கொஞ்சம் தர்பூசணியோ கொடுங்கள், தண்ணீரையும் கேட்காமலே நீட்டுங்கள். வெளியில் வெட்டி வைத்த பழம் மட்டும் வேண்டவே வேண்டாம், இந்த வயதில் ஒரு நாள் வயிற்றுப்போக்கே ஆளைச் சாய்த்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், அம்மாவுக்குக் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சுகரும் பிபியும் சேர்ந்து இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். அப்படி இருந்தால் வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீரில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி இதயத்தைப் பாதிக்கும், டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு விஷம் மாதிரி. பம்பளிமாஸ் சில பிபி, கொலஸ்டிரால் மாத்திரைகளோடு சேராது. இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டி, வாழைப்பழம் தரலாமா என்று நேராகக் கேளுங்கள். அதுவரை கொய்யாவும் பப்பாளியும் அளவாகப் போகட்டும்.