நானோ துகளா சத்து கொடுத்தா வேர் அதை அப்படியே உறிஞ்சிக்குமா?

பெரும்பாலும் துகளா உள்ள போறதில்ல, கரைஞ்சுதான் போகுது. கேள்வியைப் பாத்தா நீங்க ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடுற ஸ்டூடன்ட்னு தோணுது, அதனால நான் பட்டதைச் சொல்றேன்.

எம்எஸ்சில மக்காச்சோள நாத்தை மண்ணில்லாம சத்துக் கரைசல்ல வளத்து, வேர் வழியா 30 நானோமீட்டர் ஜிங்க் ஆக்சைடு கொடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு வேரை அலசி காய வச்சு ஆசிட்ல கரைச்சு அளந்தா ஜிங்க் எக்கச்சக்கம். கைடுக்கு அவ்ளோ சந்தோஷம், உடனே பேப்பர் எழுதிடலாம்னாங்க. எனக்கு மட்டும் உறுத்திட்டே இருந்துச்சு, ஏன்னா வேர் மேல மாவு பூசின மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்ததை தினமும் பாத்தவ நான். அடுத்த தடவை வேரை இடிடிஏ (உலோக அயனியைப் பிடிச்சு இழுக்குற ரசாயனம்) கரைசல்ல கழுவிட்டு அளந்தேன், பாதிக்கு மேல ஜிங்க் கழுவின தண்ணியோடயே போயிடுச்சு. இடிடிஏ செல்சுவர்ல இருந்த ஜிங்கையும் இழுத்திருக்கும்னு யாராவது சொல்வீங்க, கொஞ்சம் இழுத்திருக்கும்தான், ஆனா அந்த வெள்ளைப் படிவும் சேந்து காணாம போச்சே.

யோசிச்சா காரணம் புரியும். செல்சுவர்ல இருக்குற துளையெல்லாம் சில நானோமீட்டர்ல இருந்து சுமார் 20 வரைக்கும்தான். பாட்டில்ல 30னு போட்டிருந்தாலும் சத்துக் கரைசல்ல கால்சியம், மெக்னீசியம் உப்பெல்லாம் இருக்கு, அதுல போட்டதும் துகள் ஒண்ணோடொண்ணு ஒட்டி கட்டியாயிடும். தப்பிச்சு சிலது நுழைஞ்சாலும் வேரோட எண்டோடெர்மிஸ்ங்கிற உள் அடுக்குல காஸ்பேரியன் பட்டைனு தண்ணி புகாத ஒரு தடுப்பு வழியை மறிச்சு நிக்குது. அது இன்னும் உருவாகாத வேர் நுனி, புதுசா பக்கவேர் பிச்சிக்கிட்டு வர்ற இடம், இந்த மாதிரி சந்துல மட்டும்தான் துகளா புகுற வாய்ப்பு. ஆனா ஜிங்க் ஆக்சைடு அமிலத்துல கரையும், வேரும் தன்னைச் சுத்தி அமிலத்தை விடுது, கரைஞ்சு வர்ற ஜிங்க் அயனியை செடி வழக்கமா எடுக்குற மாதிரியே எடுத்துக்குது. அதே அளவு ஜிங்க் வர்ற மாதிரி, தண்ணில அயனியாவே கரையுற ஜிங்க் சல்ஃபேட் உப்பைக் கொடுத்தும் பாத்தேன், இலைல கிட்டத்தட்ட அதே அளவுதான் வந்துச்சு.

உடனே நானோவே வேஸ்ட்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. மெதுவா கரையுறதே ஒரு பலன். இலங்கை விஞ்ஞானிகள் ஹைட்ராக்ஸிஅபடைட்ங்கிற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தோட நானோ துகளோட யூரியாவை இணைச்சு, நைட்ரஜன் மெதுவா வெளிய வர்றதை 2017ல காட்டினாங்க, அது எனக்கு உண்மையிலேயே பிடிச்ச வேலை. அங்க துகள் வேருக்குள்ள போகணும்னு அவசியமே இல்லையே.

எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம் வேற. சல்ஃபேட் ரிசல்ட்டை எடுத்துடு, அது இருந்தா பேப்பர் நிக்காதுன்னு கைடு சொன்னாங்க. ராத்திரி ராத்திரியா சோனிகேட்டருக்கு (ஒலி அதிர்வால துகளைப் பிரிக்குற மெஷின்) வரிசைல நின்னு, மூணு தடவை திரும்பச் செஞ்சு வந்த ரிசல்ட் அது. எடுக்க மாட்டேன்னு நின்னேன், பேப்பரே போடல. நீங்க செஞ்சா முதல் நாளே அயனி உப்பு ஒரு செட், சாதா சைஸ் ஆக்சைடு ஒரு செட் கூட வச்சிடுங்க, அது ரெண்டும் வேணாம்னு சொல்ற கைடு கிட்ட சேராதீங்க.