நடத்திய பாடமும் சேர்ந்த பாடமும்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆசிரியர்கள் எழுதியவையே மிகுதி. குமரி மாவட்டப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பாடக்குறிப்பு எழுதாமல் ஒரு நாளும் வகுப்புக்குப் போனதில்லை. படம் வரைந்து, செய்து காட்டி, நிதானமாகவே நடத்துகிறேன். முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிந்தது டீச்சர்" என்கிறது. ஆனால் அமிலங்கள், காரங்கள் பாடத்துக்கு வைத்த தேர்வில் பாதிப் பேர் ஒன்றுமே எழுதவில்லை. என்னிடம் குறை எங்கே இருக்கிறது?
– பட்டதாரி ஆசிரியை, குலசேகரம்

பதில்: குறை உங்கள் உழைப்பில் இல்லை, அம்மா, கடைசியில் கேட்கும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நாற்பது பேர் நடுவே எழுந்து நின்று "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். "புரிந்தது டீச்சர்" என்பது பெரும்பாலும் நமக்கு அவர்கள் காட்டும் மரியாதை. அதை விடையாக எடுத்துக்கொண்டு நானும் பல ஆண்டுகள் ஏமாந்திருக்கிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில், நண்பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும், அப்போது நிழலே விழாது என்று ஒரு வகுப்பில் நடத்தினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சாரே, எங்க வீட்டுத் தென்னைக்கு உச்சியிலயும் நிழல் உண்டு" என்றான். மதிப்பெண் வாங்காத பையன் என்பதால், உட்காரு என்று அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அவன் சொன்னதே சரி என்று தெரிந்தது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. நாகர்கோவிலோ ஏறத்தாழ 77.4 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் பார்த்தால், நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் சராசரியாக 12.20 ஆகியிருக்கும். அப்போதும் அது நேர் மேலே நிற்பது ஆண்டுக்கு இரண்டு முறைதான், ஏப்ரல் 11, செப்டம்பர் 1 ஆகிய நாள்களை ஒட்டி. ஜூன் மாதத்தில் உச்சி நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே விழும். அந்தப் பையன் தன் முற்றத்தில் கண்டதைச் சொன்னான். நான் புத்தகத்திலிருந்து அரைகுறையாக வாங்கியதைச் சொன்னேன். அன்று அவனிடம் "எந்தப் பக்கம் விழும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்த வகுப்பே வேறாகியிருக்கும்.

ஆகவே, நடத்துவதற்கு முன் கேளுங்கள். குலசேகரத்தில் அமிலத்தைக் கற்பிக்க ஆய்வகம் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் இருப்பார்கள். சிரட்டையில் சேர்ந்த ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, நீர் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பதை அவர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். "ஆசிட் விடாவிட்டால் என்ன ஆகும்? பால் வண்டியில் போகும்வரை உறையாதிருக்க அதில் எதைக் கலக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அம்மோனியா என்று ஒரு குரலாவது வரும். உறையவைப்பது பார்மிக் அமிலம், உறையாமல் காப்பது அம்மோனியா என்ற காரம்: உங்கள் பாடத்தின் இரு பாதிகளும் அந்தத் தோட்டத்திலேயே இருக்கின்றன. ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர்மின்சுமை கொண்டிருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன என்பதையும், அமிலம் அந்தச் சுமையைச் சமன்செய்ததும் அவை ஒட்டிக்கொள்கின்றன என்பதையும் அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

பேசாமல் நிற்பது எளிதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையே சொல்லாதவர்களின் எண்ணிக்கை குறைந்தது, பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று நொடி என்பது மனத்துக்குள் மெதுவாக மூன்று எண்ணும் நேரம்தான். ஆனால் கரும்பலகை முன் நிற்பவருக்கு அது ஒரு யுகமாகத் தோன்றும். முதல் வாரம் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஆளுக்கொரு கிழித்த தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். ஆசிரியர் அறையில் அவற்றைச் சரி, அரைகுறை, தவறு என்று மூன்று கட்டாகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். மறுநாள் வகுப்பை மூன்றாவது கட்டில் அதிகம் பேர் செய்த தவற்றிலிருந்து தொடங்குங்கள். பாடக்குறிப்பில் ஆசிரியர் செய்யப்போவதையே பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பிள்ளைக்கு என்ன சேர்ந்தது என்பதை இந்தத் தாள்களிலிருந்துதான் நான் அறிந்துகொண்டேன்.

கேள்வி: என் மாணவர்கள் வீட்டுப் பேச்சிலேயே வகுப்பிலும் பேசுகிறார்கள். நல்ல தமிழ் வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் உடனுக்குடன் திருத்துகிறேன். இப்போது அவர்கள் வாயே திறப்பதில்லை. திருத்துவது தவறா?
– இடைநிலை ஆசிரியர், அருமனை

பதில்: திருத்துவது தவறில்லை, ஐயா, திருத்தும் வேளைதான் தவறு. முதலில் திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்த மண் இது. விளவங்கோடு, கல்குளம் பகுதிப் பேச்சில் மலையாளத்தோடு ஒட்டிய சொற்கள் இயல்பாகவே கலந்திருக்கும். பலாவைச் சக்கை என்பதும் முந்திரிப் பருப்பை அண்டிப்பருப்பு என்பதும் பிழையாகா. அவை அந்தப் பிள்ளையின் முதல் அகராதி. மேற்குப் பகுதிப் பள்ளி ஒன்றில், "ஊருக்குள் வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?" என்று நான் கேட்டதற்கு ஒரு சிறுமி, "குடத்துல பிடிச்சு வைப்பேன் சார்" என்றாள். அவள் வீட்டில் குடிநீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். அவளுக்குப் பாடம் தெரியாது என்று நான் எழுதியிருந்தால் பிழை என்னுடையதாகியிருக்கும்.

பேசும்போது கருத்தை மட்டும் கேளுங்கள். பிள்ளை சொல்லி முடித்ததும் அதையே நீங்கள் எழுத்துத் தமிழில் ஒருமுறை சொல்லிக் கரும்பலகையில் எழுதுங்கள். வீட்டில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என இரண்டு வரிசையாக ஒரு சொற்பட்டியலைச் சுவரில் ஒட்டி, அதைப் பிள்ளைகளே வளர்க்கும்படி விடுங்கள். எழுதுவதில் மட்டும் கண்டிப்பாயிருங்கள், அதுவும் ஒரு பக்கத்துக்கு இரண்டு பிழைக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: என் வகுப்பை வேறோர் ஆசிரியர் வந்து பார்த்தால் நல்லது என்று படித்தேன். ஆனால் ஆய்வுக்கு அதிகாரி வருவது போன்ற நடுக்கம் வருகிறது. என்ன செய்யலாம்?
– முதுகலை ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: வந்து பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அழைத்தால் நடுக்கம் வரத்தான் செய்யும், வருகிறவரும் "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போவார். வேலையைச் சுருக்கிக் கொடுங்கள். வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்றைக் கையில் தந்து, யார் வாய் திறந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடும்படி மட்டும் கேளுங்கள். எனக்கு அப்படி ஒரு நண்பர் போட்டுக் கொடுத்த தாளில், இடப்பக்கம் முதல் இரண்டு வரிசையில் கோடுகள் நெருக்கமாக நின்றன. சன்னலோரம் முழுவதும் வெறுமை. நான் எல்லோரையும் பார்த்தே நடத்துகிறேன் என்று அதுவரை சத்தியம் செய்திருப்பேன். அடுத்த வாரம் அவர் வகுப்பில் நீங்கள் கோடு போடுங்கள். துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால், கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து இரவில் கேளுங்கள். முதல் முறை கேட்பதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்.

கேள்வி: அடியாத மாடு படியாது என்கிறார்கள் எங்கள் பள்ளியின் மூத்தவர்கள். கம்பு இல்லாமல் வகுப்பை நடத்த முடியுமா?
– பி.எட். மாணவர், தோவாளை

பதில்: குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாதிருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. அடிக்கு அஞ்சும் பிள்ளை தன் தவற்றை மறைக்கும். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து அழகாக எழுதித் தரும். மறைத்த தவற்றை எந்த ஆசிரியராலும் திருத்த முடியாது.

கேள்வி: பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டுகளே உள்ளன. இனிமேல் கற்பித்தலை மாற்றிக்கொள்ள முயல்வது வீண் முயற்சிதானே?
– பட்டதாரி ஆசிரியர், கொல்லங்கோடு

பதில்: மூன்று ஆண்டு என்றால் குறைந்தது மூன்று வகுப்புப் பிள்ளைகள், ஐயா. எல்லாவற்றையும் மாற்ற முனைந்தால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். இந்தப் பருவத்துக்கு ஒன்று மட்டும் போதும். நீங்கள் கணக்கு நடத்துவதாக எழுதியிருப்பதால், பாடத்தைத் தொடங்குமுன் சென்ற வாரத்துக் கணக்கு ஒன்றைப் புத்தகத்தை மூடிவைத்துப் போடச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க முயன்றவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதற்குப் பணமும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மற்றொன்று, கடமையாக அல்லாமல் மகிழ்ச்சிக்காக. வரும் செப்டம்பர் 1 அன்று நண்பகல் 12.10க்குப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். எப்போது மறையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அன்று மேகம் மூடினால் அடுத்த இரண்டு நாளும் நிழல் மிகச் சிறிதாகவே இருக்கும்; அப்போதும் அளக்கலாம்.