8 வாட் வால்வு ஆம்ப்புக்கு லா ஸ்காலாவா, கிளிப்ஷ்ஹார்னா?

இரண்டுமே கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹார்ன் ஸ்பீக்கர்கள், அதாவது விரியும் குழல் வழியே ஒலியைப் பெருக்குபவை. லா ஸ்காலாவையே எடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரின் 8 வாட் தாராளம். 1 வாட்டுக்கே 1 மீட்டரில் 100 டெசிபலைத் தாண்டும் பெட்டி அது. பழைய கிளிப்ஷ்ஹார்னுக்கு அறையின் மூலைச் சுவர்கள்தான் பாஸ் (தாழ்ந்த ஒலி) ஹார்னின் மிச்சப் பாதி. உங்கள் அறையில் ஒரு மூலையில் கதவு இருக்கிறதே, அந்தப் பக்கம் பாஸ் மெலிந்துவிடும்.

அதே 1 வாட்டுக்கு 87 டெசிபல் மட்டுமே தரும் இப்போதைய ஸ்பீக்கரிலேயே லேசான ஹம்மிங் இருக்கிறது என்கிறீர்கள். பவர் சப்ளையின் பழைய மின்தேக்கிகள் காரணமாக இருக்கலாம். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள். அங்கேயே கேட்டால் முதலில் ஆம்ப்பைச் சரிசெய்யுங்கள். ஹார்ன் ஸ்பீக்கரில் அந்த ஹம்மிங் சோபா வரை கேட்கும். (ஆம்ப்பைப் பார்க்காமல் ஸ்பீக்கர் பெட்டியைத் திட்டியே நான் ஒரு மாதம் வீணடித்தேன்.)

ஆம்ப்பை நீங்களே திறக்க வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கும். இன்னொன்று, லா ஸ்காலாவில் அடிமட்ட பாஸ் குறைவுதான்.