இங்கிலாந்தில் வீட்டுக்குக் கேட்கிற 'இபிசி' சான்றிதழ் என்றால் என்ன?

ஒரு வீட்டைச் சூடாக வைத்திருக்க, வெந்நீர் போட, விளக்கெரிக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு, ஏ முதல் ஜி வரை தரம் கொடுக்கும் தாள்தான் இபிசி (எனர்ஜி பெர்ஃபாமன்ஸ் சர்டிஃபிகேட்). ஏ நல்லது, ஜி மோசம். 2007இல் வந்தது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ இது வேண்டும், ஒருமுறை எடுத்தால் 10 வருடம் செல்லும். வாடகை வீடு என்றால் குறைந்தது ஈ தரம் இருக்க வேண்டும், சில விலக்குகள் உண்டு.

எதற்கு இதெல்லாம்? டீயை டம்ளரில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும், ஃபிளாஸ்கில் ஊற்றினால் மத்தியானம் வரை சூடு நிற்கும், ஆனால் வீடு டம்ளரா ஃபிளாஸ்கா என்பது வெளியே நின்று பார்த்தால் தெரியாது. அதுவும் அங்கே நூறு வருடம் தாண்டிய செங்கல் வீடுகள் ஏராளம், பலவற்றில் சூட்டைத் தடுக்கிற இடைவெளி சுவருக்கு நடுவே கிடையாது, சூடு அப்படியே வெளியே போய்விடும். அதனால் மதிப்பீட்டாளர் வந்து சுவர், கூரை, ஜன்னல், பாய்லர் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். எதைச் சரிசெய்தால் தரம் ஏறும் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும், என்னைக் கேட்டால் தரத்தைவிட அதுதான் உருப்படியான பகுதி.

அப்புறம், பலர் இதை உங்கள் கரண்ட், கேஸ் பில்லைப் பார்த்துப் போடுவதாக நினைக்கிறார்கள். இல்லை, பில்லைக் கேட்கவே மாட்டார்கள், தரம் வீட்டுக்குத்தான், நாள் முழுக்க ஹீட்டர் போடுகிறவருக்கு சி தர வீட்டிலும் பில் எகிறும்.